சிவப்புப் பென்சில் நீக்கிய வெளிச்சம்

வான்நோக்கு நிலையத்தின் அலுவலகத்தில் அவரைச் 'சிவப்புப் பென்சில்' என்றே அழைத்தார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலை: விண்மீன் ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் மணிவாரியாகக் கோடு வரைந்து காட்டும் தாள்களைச் சரிபார்ப்பது. கோடு ஓரிடத்தில் மேடிட்டால், அதே மேடு மறுபடி எங்கேனும் வருகிறதா என்று தேடுவார். வந்தால் தாள் ஆய்வாளருக்குப் போகும். வராவிட்டால் கருவியின் பிழை என்பது விதி. குறுக்கே சிவப்புக் கோடு விழும். அந்த விண்மீனின் எண் நீக்கற் பட்டியலில் ஏறும்.

நீக்கிய தாள்களை வீணாக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோவார். தையற்காரரான அவருடைய கணவர், அவற்றில் கழுத்துப்பட்டை, சட்டைப்பை என்று அளவு மாதிரிகள் வெட்டி ஆணியில் மாட்டிவைப்பார்.

திங்கட்கிழமை, புதிதாக வந்த பெண் ஆய்வாளர் தேநீர்க் கோப்பையுடன் அவர் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"எந்த விண்மீனையும் சுத்தாம இருட்டுல தனியாத் திரியற கோள்கள் இருக்குக்கா. அதத்தான் தேடப்போறோம்."

"வெளிச்சமே இல்லாதத எப்படிம்மா பார்ப்பீங்க?"

"தூரத்து விண்மீன் ஒண்ணுக்கு முன்னால அது கடந்தா, அதோட ஈர்ப்பு அந்த வெளிச்சத்தக் குவிக்கும். சில மணி நேரம் விண்மீன் கூடுதலாப் பிரகாசிக்கும்."

"மறுபடி எப்ப வரும்?"

"வராதுக்கா. ஒரே தடவதான். அது பாட்டுக்குப் போயிடும்."

பென்சில் கையிலேயே நின்றது.

"ஒரே தடவ வந்ததத்தாம்மா நான் நீக்கினேன். வாரத்துக்கு நாலஞ்சு."

ஆய்வாளர் கோப்பையை வைத்துவிட்டார். "எல்லாமே கோளா இருக்காது. ஒண்ணு ரெண்டு இருந்தாலும் போதும். கணினியில பதிவு இருக்குமே?"

"என் பட்டியலப் பாத்து வருஷாவருஷம் அழிச்சிடுவாங்க."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு அவர் எழுந்தார். விடுப்புக் கடிதம் எழுதாமல் அவர் வெளியேறியது அன்றுதான் முதல்முறை.

வீட்டில் கணவர் தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்தார். "என்ன, பாதி நாள்லயே வந்துட்ட?"

"ஏங்க, நான் கொண்டுவந்த காகிதத்த இனிமே வெட்டாதீங்க."

"வந்ததெல்லாம் வெட்டியாச்சு, பழசு கிழிஞ்சு குப்பைக்கும் போயாச்சு. இப்பப் போய்ச் சொல்ற."

அவர் கைப்பையை வைத்துவிட்டு, ஆணியிலிருந்து மாதிரிகளை இறக்கித் தரையில் பரப்பினார். முதல் கழுத்துப்பட்டையில் மேட்டின் ஏறுமுகம் மட்டும் இருந்தது; இறங்குமுகம் கத்தரியோடு போயிருந்தது. அடுத்ததில் மேடு முழுதாக இருந்தது, விண்மீனின் எண் இல்லை. எண் இல்லாத வெளிச்சம் எவருக்கும் பயன்படாது. நாற்பத்தொன்றைப் புரட்டிவிட்டார். கடைசியாக, முனை மட்டும் மழுங்கிய அகலமான சட்டைப்பை ஒன்று. அதில் எண் இருந்தது, தேதி இருந்தது, நடுவே ஏறி இறங்கும் முழு மேடும் இருந்தது.

"அது வாத்தியார் சட்டைப்பை. எங்க எடுத்துட்டுப் போற?"

"ஆபீசுக்கு."

"அவருக்குத் துணி வெட்டணுமே?"

"புதுசா அளவெடுங்க."

பேருந்தில் அதை மடிக்காமல் மடிமேல் வைத்துக்கொண்டார். மேட்டின் குறுக்கே, அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு சற்றும் மங்கவில்லை. அதன் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. நிலையம் வரும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.