நெருப்புக்குள் நின்ற பச்சைச் சேலை

பயாஸ்கோப் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் பன்னிரண்டு பயாஸ்கோப்புகளுக்கு விளம்பரப் படம் வரைந்தவள் நான். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போவில் பதினெட்டு வயதுப் பெண் கடைகளுக்கு விளம்பரம் வரைகிறாள் என்பதே ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து படமும் பார்த்தாள் என்றால், தேவாலயத்தில் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேச ஆள் இருந்திருக்காது.

அப்பா ரயில் நிலையத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் தூக்கம் வராத மனிதர். அப்படிப்பட்டவர் என்னை லண்டனிலிருந்து தபாலில் வரும் சித்திரப் பாடத்தில் எப்படிச் சேர்த்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாடம் கப்பலில் வரும். நான் வரைந்து அனுப்புவேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். அது திரும்பி வருவதற்குள் அதே தப்பை இன்னும் பத்து தடவை செய்து கை நன்றாகப் பழகியிருக்கும்.

விளம்பரப் படத்துக்கென்று தனியாக ஒரு பாடம் வந்தது. ரோட்டில் நடந்து போகிறவனை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று அதில் எழுதியிருந்தது. உங்கள் ஊர்க் கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கி வரைந்து பழகுங்கள் என்றும் இருந்தது. நான் முதலில் ஒரு ரொட்டிக் கடைக்கு வரைந்தேன். பிறகு ஒரு சைக்கிள் கடைக்கு. சைக்கிள் சங்கிலியை இடது பக்கம் மாட்டிவிட்டேன். கடைக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை, இதை யாரும் ஓட்டப் போவதில்லை என்று சொல்லிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பயாஸ்கோப் கொட்டகைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஆள் அனுப்பினார். தவுக்கே சீனர். பீடோரில் ரப்பர் தோட்டத்து ஓரமாக மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்ததால் அவர் தமிழ் என் தமிழைவிடத் தாராளமாக ஓடும். அப்பா இரண்டு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். கொட்டகைக்கு என்னோடு அவரும் வருவார், வாசலோடு திரும்பிவிட வேண்டும். இரண்டாவது, இல்லாததை வரையக் கூடாது.

தவுக்கே இரண்டு மூன்று போட்டோக்களைக் கொடுத்துக் கதையைச் சொல்வார். நான் வீட்டுக்கு வந்து வரைந்து வண்ணம் தீட்டுவேன். போட்டோவில் நிறம் இல்லாதது போட்டோவின் குறை என்று நினைத்திருந்தேன். ஆட்கள் உயிரோடு நடமாடுகிற படத்தில் நிறம் இல்லாமலா இருக்கும்? யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. நானும் அப்பாவும் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. தாண்டியவர்கள் யாரும் என்னிடம் வந்து பேசியதும் இல்லை.

பன்னிரண்டாவது படம் பம்பாயிலிருந்து வந்தது. ஒரு ராஜா தன் ராணியைச் சந்தேகப்படுகிறான். அவள் எல்லாரும் பார்க்கத் தீயில் இறங்குகிறாள், தீ அவளைத் தொடுவதில்லை. இந்தப் படத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் வந்தே ஆக வேண்டும் என்றார் தவுக்கே. அவர்களுக்கு எழுத்து வேண்டாம், படம் பேசினால் போதும் என்றார்.

பேச வைத்தேன். சிவப்பையும் மஞ்சளையும் அள்ளிப் போட்டு ஆளுயரத் தீ வரைந்தேன். சிவப்புக்கு நேர் எதிர் பச்சை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எரியும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆகவே ராணிக்குப் பச்சைச் சேலை. லண்டன் வண்ணப் பெட்டியிலிருந்த பச்சை ஒரு முந்தானைக்குக்கூடப் போதவில்லை. சீனக் கடை மஞ்சள் பொடியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, கிளி நிறத்தில் ஒரு பச்சை எடுத்தேன். அம்மா அதே அடுப்பில் மரவள்ளி மாவில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். கொட்டகை முகப்புக்குத் துணியில் பெரிதாக ஒன்று, காகிதத்தில் ஆறு. லகாட்டில் ஈயச் சுரங்கத்து ஆட்கள் வரும் கடையில் ஒன்று, ஜெலாப்பாங்கில் ஒன்று, தவுக்கேயின் சொந்தக்காரர்கள் மூலமாக பீடோர் பக்கம் இரண்டு என்று படங்கள் போயின. மிச்சம் இரண்டை அந்த வாரமே முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவற்றை எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன். தவுக்கேக்கு வாயெல்லாம் பல்.

"தங்கச்சி, நாளைக்கு மாட்டு வண்டி கட்டி வாராங்க லா. ஜெலாப்பாங் தோட்டம் பாதி வருது. பச்ச சேல ராணி எத்தன மணிக்குத் தீயில எறங்கும்னு கடையில வந்து கேக்குறாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்திலேயே இப்படி என்றால் பயாஸ்கோப்பில் அந்தப் பச்சை எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"பயாஸ்கோப்புல கலர் ஏது தங்கச்சி? எல்லாம் சாம்பல்தான். ஒனக்குத் தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டணத்து ஜனங்களுக்குத் தெரியும், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றார். ஆனால் நாளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதன்முதலாகப் பயாஸ்கோப் பார்க்க வருகிறவர்கள். வரைந்தவளே நம்பியிருக்கும்போது அவர்கள் நம்பாமல் இருப்பார்களா? ஏமாற்றிவிட்டான் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிவிட்டால் இனிமேல் கையால் வரைந்த படமே தனக்கு வேண்டாம், பம்பாயிலிருந்து வருகிற அச்சுத் தாள் போதும் என்றார். படச் சுருள் சாயங்கால ரயிலில்தான் பினாங்கிலிருந்து வருகிறது, அவரும் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் சாம்பல் சாம்பல்தான் என்று தலையை ஆட்டினார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா நின்றார்.

"நாளைக்கு வர்றவங்கள்ல ஒருத்தர் இது பொய்யின்னு சொன்னாலும் போதும். அந்த வண்ணப் பெட்டியத் தூக்கிப் பரண்ல வச்சிரு. பாடமும் வேணாம்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெட்டி போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன், தையலும் கல்யாணமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போது அம்மா வாயைத் திறந்தார். அம்மா பீடோர் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணம் வரைக்கும் கித்தா மரம் வெட்டியவர்; ரப்பர் பால் எடுக்க மரத்தைக் கீறுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போதும் எதிர்க்கவில்லை. பொய்யா மெய்யா என்று யாராவது போய்ப் பார்த்தால்தானே தெரியும், நானே இவளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்றார். கணக்குச் சரியாக இருந்ததால் அப்பாவால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போதே கொட்டகை ஓரம் முழுக்க மாட்டு வண்டிகள். காலையில் பால் எடுத்து முடித்துவிட்டுக் குளித்த தலையோடு வந்திருந்தார்கள். துணியில் நான் வரைந்த ராணி முகப்பில் தொங்கினாள். ஒருவர் அதற்கு முன்னால் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் பூரித்திருப்பேன். அன்றைக்கு ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது.

உள்ளே பெண்கள் பக்கம் தனியாகக் கயிறு கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். என் பக்கத்தில் ஜெலாப்பாங் தோட்டத்து அக்கா ஒருவர். விரல் நுனியெல்லாம் கித்தாப் பால் கறுத்துப் போயிருந்தது. தகரக் கதவுகளைச் சாத்தினார்கள். ஆர்மோனியம் தொடங்கியது. பேசாத படம், ஆகவே கதையைச் சொல்ல ஒருவர் கையில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

திரையில் முதலில் வந்தது அரண்மனைத் தோட்டம். அதில் ஒரு மரம். அதன் இலைகள் அசைந்தன.

நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். ஓர் இலை காற்றில் அசைவதாகக் காட்ட நான் எத்தனை தாள் கிழித்திருப்பேன்! லண்டன் மனிதர் ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில், காற்று இல்லை என்று எழுதுவார். இங்கே காற்று இருந்தது. யாரும் வரையாமல், யார் கையும் படாமல் இலை அசைந்துகொண்டே இருந்தது. குளத்தில் தண்ணீர் சுருங்கி விரிந்தது. ராணி திரும்பி எங்களைப் பார்த்தாள். நிறம், அப்பா, வண்ணப் பெட்டி எல்லாம் மறந்து போயிற்று. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. அப்படி ஒரு பிரமிப்பு என் வாழ்நாளில் அதற்கு முன் வந்ததில்லை. ஆண்டவர் முன்னால்கூட வந்ததில்லை என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

மற்றவர்களும் கொஞ்ச நேரம் வாய் பிளந்துதான் இருந்தார்கள். பிறகு முணுமுணுப்பு தொடங்கியது. எல்லாம் சாம்பலாக இருக்கிறதே என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொருவர், பச்சை எங்கே என்று பிரம்பு வைத்திருந்தவரையே கேட்டார். பக்கத்து அக்கா என் முழங்கையை இடித்து, எப்போது பச்சைச் சேலை வரும் என்றார். வரும் என்றேன். தவுக்கே கதவோரம் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுருள் மாற்ற விளக்கு போட்டார்கள். முணுமுணுப்பு பெரிதாயிற்று. இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பொய் என்கிற வார்த்தை இதோ வரப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது.

திரை சிவந்தது.

எப்படிச் சொல்வது? திரை முழுவதும் சிவப்பு. வானம் சிவப்பு, படிக்கட்டு சிவப்பு, ராஜாவின் தாடி சிவப்பு. நடுவில் தீ, அது நிஜமாகவே எரிந்தது. ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எழுந்தவர்கள் நின்றபடியே கைகூப்பினார்கள். திரையின் வெளிச்சம் பட்டு அத்தனை முகமும் சிவந்திருந்தது. ராணி படியிறங்கித் தீக்குள் நடந்து போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். நான் சேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்தவள் அல்லவா? அது பச்சை இல்லை. தீயைப் போலவே அதுவும் சிவப்பு, கொஞ்சம் இருண்ட சிவப்பு.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது தவுக்கே ஓடி வந்தார். பம்பாய்க்காரர்கள் அந்த ஒரு சுருளை மட்டும் சாயத்தில் முக்கி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், தனக்கே இப்போதுதான் தெரியும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். அடுத்த படத்தையும் நான்தான் வரைய வேண்டும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஜெலாப்பாங் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்புட்டுச் செவப்புக்கு நடுவுல அந்தச் சேல மட்டும் பச்சப் பசேல்னு நின்னுச்சு, பாத்தீங்களாக்கா? ஒரு நூலு கருகல."

அம்மா தலையாட்டினார். மரியாதைக்கு ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டார். யாராவது பொய் என்று சொன்னார்களா, இவள் வரைந்தது அங்கே இருந்ததா?

"யாரும் சொல்லல. நெருப்பு செவப்பு, சேல பச்ச. இவ வரைஞ்சது அப்படியே இருந்துச்சு."

அம்மா அப்பாவிடம் பொய் சொன்னதே கிடையாது. அது அப்பாவுக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். வண்ணப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் அம்மாவின் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போய், எனக்காக அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று அம்மா தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கையை உதறினார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"பொய்யா? எனக்கு எதுக்குடி பொய்? அவ எறங்குறப்ப பச்சையாத்தானே இருந்துச்சு. ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

நான் அம்மா முகத்தையே பார்த்தேன். அதில் பொய் இல்லை. அவர் பார்த்திருக்கிறார். ஜெலாப்பாங் அக்கா பார்த்திருக்கிறார். துணி நீலத்தையும் மஞ்சள் பொடியையும் இதே தரையில் நான் குழைத்தெடுத்த பச்சை எனக்கு முன்னால் கொட்டகைக்குப் போய், அந்தத் தீக்குள் இறங்கி நின்றிருக்கிறது. எங்கள் பாயில் அதைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

கை கழுவத் தொட்டிக்குப் போனேன். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது அன்றைக்குத்தான். வெகுநேரம் அதைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி நின்றேன், நனைக்க மனம் வரவில்லை.