சிவப்பு கேட்டு ஹைதராபாத் போனேன்

காலை 7.15. செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கினேன். சென்னையிலிருந்து எழுநூறு கிலோமீட்டர். எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் கிடையாது. கடலூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தைக் கடல் எவ்வளவு விழுங்கும் என்று கணிக்கிற அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.

பேகம்பேட்டுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டுநர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்; 'எதுக்கு' என்பதற்கு இந்த ஊர் உருதுவின் 'கைக்கு'தான் அவர் வாயில் வருகிறது.

"கடல் விஷயமா இங்க கைக்கு வந்தீங்கண்ணே? இங்க இருக்கிறது ஹுசைன்சாகர் ஏரிதான்."

"எங்க கரைய மேப்புல மஞ்சள் போட்டுட்டாங்க தம்பி. சிவப்பு போட்டாத்தான் கடலைத் தடுக்கக் கல்லு கொட்டுவாங்களாம்."

"சிவப்புன்னா டேஞ்சர் இல்ல?"

"ஆமா. அதான் வேணும்."

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன ஐப்பசியில் எங்கள் முதல் வரிசை வீடுகள் பதினொன்று கடலோடு போயின. இரண்டாம் வரிசையில் இருந்த என் வீடு இப்போது முதல் வரிசை. பயமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்ல? மீனவர் சங்கச் செயலாளர் என்பதால் மனுவைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள்.

11.30. மூன்றாம் மாடி. ஏசியில் பல் கிட்டியது. அதிகாரி, இதே ஊரின் லோத்குண்டா பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண். கணினியில் எங்கள் கரையைக் காட்டினார்.

"சாட்டிலைட் பிரகாரம் கடல் உள்ள வந்துட்டே இருக்கு சார். ஆனா வீட்டு சர்வேல எல்லாரும் தண்ணி வந்ததே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டையும் சேர்த்தா மஞ்சள்தான்."

மூன்று வருடம் முன்பு கணக்கெடுக்க வந்தபோது, "தண்ணி வருதுன்னு சொன்னா கரைய விட்டுக் கிளப்பிடுவான்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அப்போதே எங்கள் அடுப்படி வரைக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"பொய் சொன்னோம்மா. இப்ப உள்ளதை எழுதித் தர்றேன். கல்லு வந்துருமா?"

"மறுபடி சர்வே பண்ணுவோம். கலர் மாறலாம். அதைப் பார்த்து கல் போடுறதா, ஊரையே ஷிஃப்ட் பண்றதான்னு கவர்ன்மெண்ட்தான் டிசைட் பண்ணணும்."

"கிளப்பவும் செய்வாங்களா?"

"சான்ஸ் இருக்கு சார்."

பேனாவும் கையுமாகக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று சொன்ன பொய் ஊரைக் காப்பாற்றியதா, கெடுத்ததா? இன்று எழுதப்போகும் உண்மை என்ன செய்யும்? ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் தண்ணீர் வந்த நாட்களை ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை.

மாலை 5.00. மறுபடி ஸ்டேஷன். கடலே இல்லாத ஊரில் ஒரு பகல் முழுக்க இருந்தும் நெஞ்சுக்குள் இரைச்சல் அடங்கவில்லை. சங்கத் தலைவர் போன் செய்தார்.

"என்னாச்சுப்பா?"

"மறுபடி கணக்கெடுக்க வர்றாங்கண்ணே. சிவப்பாயிடும்போல."

அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். ஊரே கைதட்டியது, என் மனைவி சிரிப்பதும் கேட்டது. மீதியைச் சொல்ல வேண்டும், கைதட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவே இல்லை.