அரக்கு இழை கட்டிய வெள்ளைக் கார்

பாவு பிணைக்கிறவள் ஒரு இழையை மாற்றிப் போட்டால் சேலை நெடுகக் கோடு விழும். அந்தப் பயத்திலேயே முப்பது வருஷம் வேலை செய்தவள் நான், இதையும் முன்பின் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பாஷை தெரியாத ஊரில் வாடகைக் காரின் கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு போனவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருந்தாலும் புரிந்துகொள்வீர்கள்.

பிணைப்பது என்றால் இதுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி ஒட்ட வேண்டும். முடிச்சு போடக் கூடாது. முடிச்சு விழுந்தால் இழைகள் நுழைந்து வரும் அச்சுச் சீப்பில் சிக்கிக்கொள்ளும்.

கோலாலம்பூரில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. பத்து நாள் அங்கே தறி போட்டுக் காட்ட காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஆள் கேட்டார்கள். என் பெயர் வந்தது. என் கொழுந்தன் சேகருக்கு அந்த இடத்தின் மேல் கண். கிளம்பும்போது அவன் சொன்னது காதிலேயே நின்றது: "அண்ணி, நீங்க பக்கத்துல இருக்கற செவிலிமேட்டுக்கே ஷேர் ஆட்டோல தனியா போவ மாட்டீங்க. ரெண்டாம் நாளே தொலைஞ்சுட்டாங்கன்னு போன் வரும் பாருங்க. அடுத்த பிளைட்ல நான் போய் தறியில உக்காந்துக்கறேன்."

சிவப்பு இல்லை

தங்கிய இடத்துக்கும் கண்காட்சிக்கும் அரை மணி தூரம். காலை பத்து மணிக்கு நான் தறி முன்னால் இருக்க வேண்டும். கண்காட்சிக்காரர்கள் எனக்குத் துணைக்கு அமர்த்தியிருந்த நிஷா என்ற பெண், அந்த ஊர்த் தமிழ்ப் பெண், தன் போனிலிருந்து கார் வரவழைத்துவிட்டு எனக்குக் குரலில் செய்தி அனுப்புவாள். முதல் நாள் செய்தி: "அம்மா, சிவப்பு கார் வரும், ஏறிக்குங்க."

ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "மல்லிகா?" என்றார். என் பெயர்தான். ஆனால் கார் சிவப்பு இல்லை, அரக்கு. சிவப்பு என்றால் மிளகாய்ப் பழம். அரக்கு என்றால் காய்ந்த ரத்தம். சாயக்காரரிடம் சிவப்பு கேட்டு அரக்கு வந்தால் நாங்கள் நூலையே திருப்பி அனுப்புவோம். பெயரை எவன் வேண்டுமானாலும் தெரிந்து வைத்திருக்கலாம் என்று நினைத்து, ஏற மாட்டேன் என்று கையை ஆட்டினேன். அந்த மனுஷன் தெருவைச் சுற்றிச் சுற்றி மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கையை ஆட்டினேன். கடைசியில் நிஷா போன் செய்து கெஞ்சித்தான் ஏறினேன். போய்ச் சேரும்போது மணி பத்தே கால். சேகர் சொன்ன இரண்டாம் நாளுக்குக்கூட நான் காத்திருக்கவில்லை.

நிஷா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, எங்க ஊர்ல காருக்கு மொத்தமே ஆறு கலர்தான். அதுக்குள்ள எதாச்சும் ஒண்ணுல ஏறிக்குங்க."

பின் சீட்டில் பெரிய மனுஷி

மறுநாள் நிஷா காரின் நம்பரையும் சொன்னாள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பயத்தில் கை வேர்த்து, கார் வருவதற்குள் பாதி அழிந்துவிட்டது. அன்று என்னிடம் ஒரு முகூர்த்தப் பட்டு வேறு இருந்தது, கண்காட்சியில் விரித்துக் காட்டுவதற்கு. தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டை நாங்கள் தரையில் வைக்க மாட்டோம், கால் படும் இடத்திலும் வைக்க மாட்டோம். டிரைவர் ஒரு மலாய்க்காரர். பட்டு மூட்டையை வாங்கி டிக்கியில் வைக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. மூட்டையை நெஞ்சோடு அணைத்து, தரையைக் காட்டி, தலையை ஆட்டினேன். அவர் பின் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, பட்டை அதன் மேல் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். என்னை முன் சீட்டுக்கு வரச் சொன்னார். வழியெல்லாம் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். இறங்கும்போது பட்டைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "வி.ஐ.பி.?"

ராஜன் மனைவியின் பட்டு

என் பயத்தைப் பார்த்து, மூன்றாம் நாளிலிருந்து நிஷா ஒரே காரை ஏற்பாடு செய்தாள். ராஜன் என்ற தமிழர். வெள்ளைக் கார். என் ஊரைக் கேட்டதும் காரை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தன் மனைவிக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது காஞ்சிப் பட்டுதான் என்று இவர் சொல்கிறாராம். இல்லை, டூப்ளிகேட் என்று இவருடைய மாமியார் பதினைந்து வருஷமாகச் சொல்கிறாராம்.

அடுத்த நாள் அந்தப் புடவையையே கொண்டுவந்துவிட்டார். இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டால் அந்த மனுஷன் காரில் மீதி ஏழு நாள் எப்படிப் போவது? கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினேன். இரண்டு பக்கமும் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா தனித்தனியாக ஓடி, நடுவில் இழையோடு இழை கோத்த கோர்வை. இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து நெய்தது. எங்கள் ஊர் வேலைதான். சொன்னதும் அவர் ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு தட்டினார். "இன்னிக்கு ராத்திரி சாப்பாடு மாமியார் வீட்லதான்மா. புடவைய நான் தோள்ல போட்டுக்கிட்டே போவேன்."

முடிச்சு இல்லாத வண்டி

எல்லாம் சரி, ஆனால் அந்த ஊரில் பாதிக் கார் வெள்ளை. சாயங்காலம் கண்காட்சி வாசலில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கார் வரிசையாக நிற்கும். ஒருநாள் வேறு காரில் ஏறி உட்கார்ந்து, அதிலிருந்த சீனப் பெரியவரைப் பார்த்து அலறிவிட்டேன். அதனால் தறியில் மிஞ்சிய அரக்கு நூலை எடுத்து, ராஜன் காரின் பக்கக் கண்ணாடியில் கட்டினேன். பிறகு நிம்மதி.

கடைசி நாள் கண்காட்சியிலிருந்து நேராக ஏர்போர்ட். பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், வரிசையில் நின்ற எல்லாக் காரிலும் அரக்கு நூல்! ராஜன் பெருமை பேசியிருக்கிறார். காஞ்சிபுரத்து அம்மா கட்டியது, நல்லது என்று. மற்ற டிரைவர்கள் தறியடியில் கிடந்த கழிவு நூலைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறார்கள். ராஜனைக் காணோம். போன் எடுக்கவில்லை. பிளைட்டை விட்டால் சேகர் சொன்னது எட்டு நாள் தள்ளிப் பலித்ததாகிவிடும்.

அழுகை வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். முதல் காரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நூலையும் தடவிக்கொண்டே போனேன். முடிச்சு, முடிச்சு, இரட்டை முடிச்சு, ஒன்றில் ஷூ கயிறு போலப் பூ முடிச்சு. சீனப் பெரியவர் தன் காரிலிருந்து இறங்கி என் பின்னாலேயே வந்தார். எட்டாவது காரில் விரல் தடையில்லாமல் ஓடியது. முடிச்சே இல்லை. இழையோடு இழை முறுக்கி ஒட்டியிருந்தது. என் கை வேலை.

பெட்டியை அந்தக் கார்ச் சக்கரத்தை ஒட்டிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். கையில் டீயோடு ஓடிவந்த ராஜன், நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "அம்மா, நானே நம்பரைப் பார்த்துதான்மா என் வண்டியக் கண்டுபிடிக்கறேன்."

அடுத்த வருஷமும் என்னையேதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை பாதுகாப்புக்காகப் பெட்டியில் முதலில் வைத்தது ஒரு கண்டு அரக்கு நூல், அடுத்து வைத்தது அதை டிரைவர்கள் கண்ணில் படாமல் பூட்டிவைக்க ஒரு டப்பா.