அக்கா நடத்திய நிலைமப் பாடம்

எங்கள் அக்கா அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். சுண்ணாம்புக்கல் லாரி மோதி அப்பா இறந்தபோது அவர் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். அம்மா களையெடுக்கப் போனார். அக்கா திருச்சியில் இயற்பியல் படித்து, அறிவியல் ஆசிரியையாகி, தம்பியையும் என்னையும் படிக்க வைத்த பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

அவருடைய பள்ளிக்கு முன்னால்தான் கல் லாரிகள் போகும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர், லாரி நெருங்கும்வரை காத்திருந்து குறுக்கே ஓடுவதை விளையாட்டாக வைத்திருந்தார்கள். ஒருநாள் அக்கா அதைப் பார்த்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

"நிலைமம்னா என்னன்னு கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறாங்கடி. வெளில போயி லாரிக்கு முன்னாடி ஓடுறாங்க. நான் என்னத்த நடத்துனேன்?" என்று என்னிடம் கேட்டார்.

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, கல் எடுத்து முடிந்த ஒரு சுரங்கத்தின் காலிப் பாதைக்கு வகுப்பை அழைத்துப் போனார். உதவிக்கு நானும் போனேன். அக்கா கேட்டதற்காகக் கல் லாரியோடு வந்திருந்த பாடாலூர்க்கார ஓட்டுநர் அண்ணன் முதலில் வெறும் லாரியை ஓட்டி வந்து, கோடு போட்ட இடத்தில் பிரேக் போட்டார். கொஞ்ச தூரத்தில் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து அதே வேகத்தில், பாரத்தோடு வர வேண்டும். எங்கே நிற்கும் என்று அக்கா கேட்டார். லாரிக்குக் குறுக்கே ஓடுவதில் எப்போதும் முதல் ஆளாக இருக்கும் பையன் ஓரிடத்தைக் காட்டினான்.

"இங்க நின்னுரும் டீச்சர். வேணும்னா நானே நிக்கிறேன்."

அக்கா அங்கே ஒரு மண் மூட்டையை வைத்துவிட்டு, எல்லாரையும் மேட்டில் ஏற்றினார். லாரி நெருங்கியபோது அவன் திடீரென்று கீழே குதித்தான். அக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். இருவரும் சரிவில் உருண்டார்கள். பிரேக் அலறியது. புழுதியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அக்கா!" என்று கத்தினேன்.

புழுதி அடங்கியபோது லாரி மூட்டையை நசுக்கிவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றிருந்தது. சரிவில் கிடந்த அக்காவின் முழங்கையில் ரத்தம். அவன் சட்டையை மட்டும் அவர் விடவில்லை.

ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். "முழுசா மிதிச்சேன் டீச்சர். நிக்கலயே!"

அக்கா எழுந்து பிள்ளைகளைப் பார்த்தார். "அதே பிரேக்குதான். பாரம் கூடிப்போச்சு, அதான் வேகம் குறைய நேரமாவுது. அவரு நெனச்சாலும் நிறுத்த முடியாது. எங்கப்பாவ அடிச்ச லாரியும் இப்புடித்தான் நிக்காம வந்துச்சு."

அதுவரை அவர் வகுப்பில் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். "எம் புள்ளைய லாரி முன்னாடி கொண்டுபோயி வுட்டீங்களா?"

"அவன் கைய நான் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும். என் தப்புதாங்க," என்றார் அக்கா. "ஆனா தெனமும் இந்த ரோட்டுல என்ன செய்றான்னு அவனையே கேளுங்க."

அவன் அழுதுகொண்டே சொன்னான். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விளையாட்டு அன்றோடு நின்றது.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. எழுந்து நிற்க முடிந்தவரை வகுப்புக்குப் போனார். அதன்பின் அதிக நாள் அவர் உயிரோடு இருக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், லப்பைக்குடிக்காட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்த சக ஆசிரியைக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அக்காவின் வகுப்பை எடுக்க வந்த புதிய ஆசிரியை, எதுவரை பாடம் நடந்தது என்று கேட்டிருக்கிறார். ஒரு மாணவி எழுந்து, "மூணாவது விதி சொல்லிக்கிட்டிருந்தாங்க டீச்சர். முடிக்கல" என்றாளாம். அந்த இடத்திலிருந்தே தொடங்கிய அந்த ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.