ஐந்தாவது கேள்வி

பொறாமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். எனக்கு அது பத்து வருடம் இருந்தது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில், எனக்கு எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த வரைக்கும் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் தேவதானத்து விவசாயக் குடும்பம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண். ஷிப்ட் வருகையையும் நூல் இருப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் இருவருக்கும் வேலை. ஆறே மாதத்தில், மானேஜர் சந்தேகம் கேட்க வந்தால் என் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் என்ன, ஜன்னல் கம்பியா?

யாரோ கொண்டுவந்த பிளாப்பியிலிருந்து வைரஸ் புகுந்து ஒரு வாரம் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது, அது எந்த பிளாப்பி, எந்த மேசை வழியாக வந்தது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதன் பிறகு எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யாருக்கு என்ன பாஸ்வேர்டு என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்குத் தனி மேசை வந்தது. எனக்குப் பழைய நாற்காலியின் ஆடுகிற கால் மட்டும் சரிசெய்து தரப்பட்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்களுக்கென்று மெட்ராஸில் ஒரு சங்கம் சான்றிதழ்த் தேர்வு நடத்தத் தொடங்கியது. அவள் எழுதினாள் என்பதற்காகவே நானும் எழுதினேன். அவள் முதல் தடவையில் தேறினாள், நான் இரண்டாவது தடவையில். எத்தனையாவது தடவை என்று சான்றிதழில் போடுவதில்லை. அது ஒரு ஆறுதல்.

தேறியவர்களை அடுத்த தேர்வுக்குக் கேள்வி எழுதித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. சம்பளம் கிடையாது, தபால் செலவுகூட நம்முடையது. ஒரு கேள்வி, ஒரு சரியான விடை, மூன்று தவறான விடைகள். அதைத் தேறியவர்களிலேயே வேறு மூன்று பேர் சரிபார்ப்பார்கள். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணத்தோடு திரும்பி வந்துவிடும். ஐந்து கேள்விகள் தேறியவர்களை மெட்ராஸுக்கு வினாக் குழுவில் உட்காரக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில்தான் கண்.

அவளுடையது வரிசையாக நான்கு தேறிவிட்டது. என்னுடையதில் ஒன்று தேறியது, ஏழு திரும்பி வந்தன. தவறான விடைகள் குழந்தைகூடத் தேர்ந்தெடுக்காதபடி இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அவளிடம் காட்டினேன்.

“ஏட்டி, சரியான விடைய ஆரும் எழுதிருவாக. தப்பு விடைதான் வேல. நெசமா ஒருத்தரு செஞ்ச தப்பா இருக்கணும். அப்பத்தான் படிக்கிறவன் செத்த நேரம் முழிப்பான்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் காதில் புகை வந்தது.

அந்த மாதம் சரிபார்க்கச் சொல்லி எனக்கு ஒரு கட்டு வந்தது. ஆறாவது தாளில் இருந்த கேள்வி இது: ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒருநாள் கருவிகளையும் பதிவேடுகளையும் பூஜையில் வைப்பது வழக்கம். பாஸ்வேர்டு நோட்டைப் பாதுகாப்பவர் அன்று அதை என்ன செய்ய வேண்டும்? தவறான விடைகளில் ஒன்று: மற்ற நோட்டுகளோடு பூஜையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம், பூஜையில் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள்.

அதைச் செய்தவள் நான். பாஸ்வேர்டு நோட்டை அவள் என் கையில் ஒப்படைத்திருந்த ஒரு ஆயுத பூஜை அன்று, எல்லார் பேரேடுகளோடும் அந்த நோட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டேன். மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாதே. பொரி வாங்க மில்லே திரண்டு வந்து போனது. மறுநாள் விடிந்ததும் அவள் முதல் பஸ்ஸில் வந்து, மானேஜர் வருவதற்குள் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள். “பூசையில இருக்கத நான் எடுத்தா நல்லாருக்காது. அதான் இப்படி” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இது அவளுடைய ஐந்தாவது கேள்வி. நல்ல கேள்வி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் என்று இருந்த இடத்தில், ‘பொறுப்பில் இருக்கும் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். நம்பும்படி இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன், மனசு மாறிவிடக் கூடாதென்று.

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். என் வரிகள், தட்டச்சில்.

“ஆரும் செய்யமாட்டாகளாம். பாரேன்” என்று சிரித்தாள். “இந்த ஆளு மில்லுப் பக்கமே வந்திருக்கமாட்டாருபோல.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நெசமா நடந்ததுன்னு பதில் எழுதிப் போடலாமுல்ல?” என்று கேட்டேன்.

“போடலாம். ஆனா எங்க நடந்துச்சு, ஆரு செஞ்சாகன்னு விவரம் எழுதணுமாம். நீயும் அந்தப் பரீட்ச பாஸ் பண்ணவ, அவியளுக்குக் கேள்வி எழுதுறவ. ஒம் பேரக் கொண்டுபோயி அதுல எழுதச் சொல்லுதியா? மெட்ராஸு கெடக்கட்டும்” என்றாள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வரிகளை எழுதினது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் தன் டப்பாவிலிருந்த மீன் குழம்பை எடுத்து என் சோற்றில் ஊற்றினாள். எனக்கு முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை. இவளால் மட்டும் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று வயிறு எரிந்தது.