பூட்டிய கோயிலும் எங்கள் பொறுப்பாளரும்

எங்கள் மாரியம்மன் கோயிலுக்குத் தாசில்தார் சீல் வைத்தபோது நான் மாவிளக்குத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி, மேலூர், கீழூர் என்று இரண்டாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. இரண்டிலும் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள்தாம். ஒரே அம்மன், ஒரே பண்டிகை. அந்த வருடம் அம்மனின் சப்பரம் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று பேச்சு முற்றி, கைகலப்பாகி, கீழூர்க்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்தது. பொழுது சாய்வதற்குள் கதவில் பூட்டு தொங்கியது. தட்டில் எரிந்த திரி என் கையிலேயே அணைந்தது.

பூட்டைவிட எனக்கு உறைத்தது, அம்மன் உள்ளே விளக்கில்லாமல் இருக்கிறாளே என்பதுதான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவள். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு விளக்கு பூஜை நடத்தி வந்தேன். ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது. வெளியூரில் படித்து வந்த மருமகள்கள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்வது காதில் விழும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

சீல் வைத்துக் கொஞ்ச நாளில் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பெண்களோடு தரையில் உட்கார்ந்து, "அம்மனுக்கே பூட்டாம்மா? இதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கீங்களே" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாமியைப் பற்றி இப்படி ஒரு அரசியல்வாதி பேசி நான் கேட்டதில்லை. அந்த வாரமே நானும் என் வீட்டுக்காரரும் விளக்கு பூஜைப் பெண்கள் பலரும் கட்சியில் சேர்ந்தோம். என்னை மகளிர் அணியில் போட்டார்கள்.

கட்சியில் முதலில் கற்றுக்கொண்டது சந்தேகப்படுவதுதான். தாசில்தார் ஏன் பூட்டினார்? அவர் வேற்று மதத்துக்காரர், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை என்றார் பொறுப்பாளர். கீழூர்க்காரர்கள் ஏன் சண்டைக்கு வந்தார்கள்? பின்னாலிருந்து யாரோ தூண்டுகிறார்கள் என்றார். அதன்பிறகு சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தால்கூட இதன் பின்னால் யார் என்று தோன்றியது. தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் முன்னால் தீச்சட்டி ஏந்தி நின்றோம். எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். தாசில்தார் ஒழிக என்று தொண்டை கட்டும்வரை கத்தியவள் நான்.

கீழூரில்தான் என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருந்தது. என் கல்யாணத்தின்போது பாவாடை கட்டிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றியவள். கோயில் பூட்டிய பிறகு அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, நாங்களும் போகவில்லை. அவள் மகளுக்கு நடந்த மஞ்சள் நீராட்டுச் சீருக்குத் தாய்மாமன் வரிசை போகவில்லை. வீட்டுக்காரர் அன்று முழுக்க எங்கள் சோளக் காட்டிலேயே இருந்துவிட்டு வந்தார்.

கோயில் திறக்கும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து மஞ்சள் துணி கட்டி விரதம் எடுத்திருந்தோம். பொறுப்பாளர் கையில்தான் முதல் துணியைக் கட்டினோம். பிறகு ஒருநாள் சேலத்தில் மாநாடு. மகளிர் அணியில் என்னையும் இன்னொரு பெண்ணையும் தன் காரிலேயே அழைத்துப் போனார். திரும்பி வரும்போது தொப்பூர்க் கணவாய் ஏறுமுன் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். லாரிகள் வரிசையாக நின்ற இடம். எங்கள் இருவருக்கும் தயிர்சாதம் சொல்லிவிட்டு அவர் உள்ளே வேறு மேசைக்குப் போனார். கை கழுவப் போன நான் பார்த்தேன். அவர் முன்னால் மட்டன் பிரியாணி. மஞ்சள் துணி கையில் அப்படியே இருந்தது, குழம்பு படாமல் இருக்க முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். பயணத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கூட வந்த பெண்ணிடம் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாதவர் கூட உட்கார்ந்திருந்த மாவட்டச் செயலாளருக்கும் ஒரு தட்டு சொல்லிச் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவாரா என்று வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சாமி இருக்கிறது என்று நம்புகிற ஒருத்தர் அந்தத் துணியை அப்படி ஏற்றிவிட மாட்டார். அவிழ்த்தாவது வைத்திருப்பார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். நமக்காகப் போலீசில் அடிவாங்குகிற மனுஷனை ஒரு வேளைச் சோற்றுக்காகக் குறை சொல்லக் கூடாது என்றார். அதுவும் சரிதான் என்று சும்மா இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு பொறுப்பாளரைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். பூஜை நடக்கும்போது அவர் கண்ணை மூடுவதே இல்லை. கேமரா எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மாசியில் தாசில்தார் இரண்டு ஊருக்கும் சமாதானக் கூட்டம் வைத்தார். நாங்கள் போகத் தயாரானோம். காலையில் பொறுப்பாளர் போன் செய்து, கூட்டம் தள்ளிப்போய்விட்டது, வரவேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து வி.ஏ.ஓ. ஆபீசில் பட்டா விஷயமாக நின்றபோது, "ஏம்மா, நீங்க ரெண்டு ஊரும் கூட்டத்துக்கு வராம தாசில்தார் அய்யா ஒண்டியா உக்காந்துட்டு இருந்தாரே" என்று தலையாரி கேட்டார். நான் திகைத்துப் போனேன். பொறுப்பாளரைக் கேட்டால், அது தாசில்தார் பார்த்த வேலை, நம்மை வரவிடாமல் செய்துவிட்டு வரவில்லை என்று எழுதிக்கொள்கிறார் என்றார். பதில் தயாராக இருந்தது. கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில் அது.

இரண்டு ஊரும் வரவில்லை என்று தலையாரி சொன்னது மட்டும் என்னை விடவில்லை. நாங்கள் போகாததற்குக் காரணம் தெரியும். கீழூர்க்காரர்கள் ஏன் போகவில்லை?

அதற்கடுத்த சந்தையில் என் நாத்தனாரைப் பார்த்தேன். புளி விற்க வந்து சாக்கை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போய் எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தேன். ஒரு கொட்டைப் புளியைக் கையில் எடுத்து விலை கேட்பவள் மாதிரி, "கூட்டத்துக்கு ஏன் நீங்க வரல?" என்றேன்.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள்.

"தள்ளிப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க அண்ணி."

"யாரு சொன்னாங்க?"

"உங்க பொறுப்பாளர்தான். அவரு எங்க ஊருக்கும் வர்றாரே, உங்களுக்குத் தெரியாதா?"

கையில் இருந்த புளி ஒட்டிக்கொண்டது. எப்போது வருவார் என்று கேட்டேன். மத்தியானத்தில், காரை ஏரிக்கரையில் விட்டுவிட்டு நடந்து வருவாராம். மேலூர்க்காரர்கள் இறங்கி வரப்போகிறார்கள், அதுவரை நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் போவாராம்.

"விட்டுக் குடுத்தா நாளைக்கு அம்மன் உங்களைத்தான் கேப்பான்னாரு" என்றாள்.

அதே வார்த்தையை அவர் எங்கள் தெருவிலும் சொல்லியிருந்தார். 'அம்மன் உங்களைத்தான் கேப்பா'. அதைக் கேட்டுத்தான், விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முனகிய எங்கள் பெரியவர்கள் இரண்டு பேர் வாயை மூடினார்கள். நான் அதைச் சொன்னதும் நாத்தனார் புளியை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வது உண்மையா, கட்சி என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறதா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. எனக்கும் அதே யோசனைதான் ஓடியது. எங்களைப் பிரிக்க இவள் கட்டுகிற கதையோ? இருவரும் அம்மன் மேல் சத்தியம் செய்துகொண்டோம். சத்தியத்துக்குப் பிறகும் நான் இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். இரண்டு தடவையும் அவள் ஒரே மாதிரி சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் கட்சி ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றவர், நான் கிளம்பியதும் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பொறுப்பாளர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழூருக்குப் போகிறீர்களா என்று நேராகக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு பேசினார்.

"தேர்தல் வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா. இப்ப தொறந்துட்டா யாரு நம்ம பேச்சைக் கேப்பாங்க? கோயிலு எங்க ஓடிடப் போவுது?"

"கோயிலு ஓடாதுங்க. அம்மா இருட்டுல உக்காந்துட்டு இருக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லை. அம்மன் இருட்டில் இருக்கிறாள் என்பதை மேடையில் அவர் எத்தனையோ முறை பேசியிருக்கிறார். ஒருத்தி அதை நிஜமாகவே சொல்கிறாள் என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, வா போகலாம் என்றார். படி இறங்கும்போது பையிலிருந்த உறுப்பினர் அட்டையை எடுத்து அங்கே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தார்.

ஊருக்குள் சொன்னபோது எல்லோரும் நம்பிவிடவில்லை. எனக்கு எதிர்க்கட்சியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்றார்கள். விளக்கு பூஜையில் என் பக்கத்தில் உட்காருகிறவளே தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் நாத்தனாரும் அங்கே இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு ஊர் ஆண்களும் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, யார் யாரிடம் எப்போது என்ன சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வாதம் இல்லை.

நாங்களே தாசில்தாரிடம் போனோம். அவர் அன்று மொட்டை போட்டிருந்தார். பழனிக்குப் போய் வந்தாராம். மேசை மேல் எங்களுக்கும் பஞ்சாமிர்தம் இருந்தது. அவர் எந்த மதமாக இருந்தால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதிலும் பொய்யா என்றுதான் இருந்தது.

சப்பரம் எந்தத் தெருவுக்கு முதலில் என்பதை அம்மனிடமே பூக்கேட்டுக்கொள்வதாகவும், அடுத்த வருடம் மற்ற ஊருக்கு என்றும் இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிக்கொடுத்தோம். பங்குனியில் சீலை உடைத்தார்கள். உள்ளே வௌவால் நாற்றம். அம்மன் புடவையை எலி குதறியிருந்தது. மேலூர்ப் பெண்களும் கீழூர்ப் பெண்களும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கழுவினோம். பூசாரி முதல் விளக்கை ஏற்றினார். மேலூருக்கு வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், கீழூருக்குச் சிவப்புப் பூ ஒரு பொட்டலம் வைத்துக் கேட்டார்கள். கீழூருக்கு வந்தது. எங்கள் ஆட்கள் முகம் சுண்டியது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியும்போது கோயில் முன்னால் பெரிய பிளக்ஸ் இருந்தது. 'எங்கள் போராட்டத்தின் வெற்றி'. அதில் பொறுப்பாளர் கும்பிட்டபடி நின்றார், அம்மனைவிடப் பெரிதாக. அவரே பத்து மணிக்குச் சால்வைகளோடு வந்தார். என் வீட்டுக்காரர் போய், சாமி கும்பிட வந்திருந்தால் வரிசையில் நில்லுங்க, கட்சிக்கு வந்திருந்தால் இன்னைக்கு வேண்டாங்க என்றார். குரலை உயர்த்தவில்லை. சுற்றியிருந்த எல்லோரும் பொறுப்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பென்னாகரத்தில் ஏதோ அவசரக் கூட்டம் ஞாபகம் வந்தது. பிளக்ஸைக் கீழூர் ஆட்கள் கழற்றி, தக்காளிக் கூடைகளுக்கு மேல் மூடக் கொண்டுபோனார்கள்.

விளக்கு பூஜைப் பெண்களில் பாதிப்பேர் இன்னும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறார்கள். ஆள்தான் கெட்டவர், கட்சி நல்லது என்கிறார்கள். இருக்கலாம். அட்டையை வைத்துவிட்டு வந்தாலும் வீட்டுக்காரர் ஓட்டை யாருக்குப் போடுகிறார் என்று என்னிடம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போன மாதம் வேறொரு கட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க ஏற்பாடு செய்கிறோம் என்றாள். அவள் பேசப் பேச, இது எதற்கு, இதன் பின்னால் யார் என்றே என் மனம் துழாவியது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வர்ணத்தை நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்று சொன்னேன்.

இந்த வருடப் பண்டிகையில் சப்பரம் முதலில் எங்கள் தெருவுக்கு வந்தது. முக்கில் திரும்பும்போது சப்பரம் தூக்கிய கீழூர் ஆட்கள் தோளைச் சட்டென்று இறக்கி மாற்றினார்கள். வேறு பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறார்களோ என்று எனக்குப் பக்கென்றது. பக்கத்தில் நின்ற நாத்தனாரைப் பார்த்தேன். அவளும் எங்கள் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழூர் ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டு சப்பரத்தை எங்கள் தெருவுக்குள் தூக்கி வந்தார்கள். நான் தேங்காயை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.