சாய்கோட்டுக்கு வலப்புறம்

ரொறன்ரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் உறைபெட்டியைத் திறந்தால், பச்சைப் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் செத்த எலிக்குஞ்சுப் பையொன்று இருக்கும். ரெக்ஸ்டேலில் மேல்மாடி எங்களுக்கு. நடுத்தளத்தில் வீட்டுக்காரர் டக். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அவரின் பாம்புகளுக்கு. சோளப்பாம்பு என்று பெயர், நஞ்சில்லாதவை. அதை நான் எத்தனை தரம் சொல்லியும் சுமதி நம்பவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷின் பேஸ்மென்றில் இருந்த ஒரே காரணத்தால் என் மனைவி ஒரு வருடம் முழுக்கக் குளியல் தொட்டியில் கையால் தோய்த்தாள். ஊரில் பாம்பைக் கண்டால் அடிப்போம், இல்லாவிட்டால் கும்பிடுவோம். பெட்டியில் போட்டு இலக்கமிட்டு வளர்ப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

டக்குக்கு முழங்கால் வருத்தம். அவர் படியிறங்க முடியாத நாட்களில் நான் இறங்கித் தண்ணீர் மாற்றுவேன், எலி கொடுப்பேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அட்டையின் நடுவே ஒரு சாய்கோடு. கோட்டுக்கு இடப்புறம் பாம்பின் கண்ணுக்குத் தெரியும் நிறம். வலப்புறம் அது உள்ளுக்குள் ஒளித்து வைத்திருப்பது. கறுப்பு அறவே இல்லாத, கண்ணும் சிவந்த ஓர் ஆண் பாம்பு அவரிடம் இருந்தது. சாதாரணப் பெண்ணோடு அதைச் சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் சாதாரணம். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தச் சிவப்பு ஒளிந்திருக்கும் என்றார் டக். அப்படி ஒளித்து வைத்திருக்கும் இரண்டு சேர்ந்தால் நாலுக்கு ஒன்று வெளியே வருமாம். நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன், எனக்கு இது உடனே விளங்கியது. அன்றைக்கே மனதுக்குள் எனக்கும் ஓர் அட்டை எழுதிக்கொண்டேன்: மட்டைப்பெட்டி மடிப்பவன், சாய்கோடு, கணக்கு வாத்தியார்.

எண்பத்தேழு வசந்தத்தில் டக் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அஜக்ஸில் மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். போகுமுன் ஒரு தாள் தந்தார். ஏழாம் இலக்க ஆணின் பெட்டிக்குள் எட்டாம் இலக்கப் பெண்ணை விட வேண்டும், அவ்வளவுதான். நானும் எட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அட்டையை வாசித்தேன். இரண்டும் அந்தச் சிவப்பனின் பிள்ளைகள். ஒரே தாய், ஒரே நாளில் பொரித்தவை. பாம்புதானே, பாம்புதானே என்று சொல்லிப் பார்த்தேன். மனம் வரவில்லை. எட்டைத் திரும்ப வைத்துவிட்டு, கலியாணத் தரகர் சாதகக் கட்டைப் புரட்டுவதுபோல் அட்டைகளைப் புரட்டினேன். பதினோராம் இலக்கம் சிவப்பனின் தங்கையின் மகள். எட்டைப் போலவே இருந்தாள், அதே செம்மஞ்சள், அதே திட்டுகள். அவளை ஏழோடு விட்டேன். டக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில் எட்டின் அட்டையையும் பதினொன்றின் அட்டையையும் மாற்றி ஒட்டினேன்.

மேலே வந்து சுமதியிடம் சொன்னேன்.

“எட்டை விட்டிட்டுப் பதினொண்டைக் குடுத்தனான். மாமியின்ர மகள்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பின்னை? மச்சானுக்கு மச்சாளைத்தானே குடுக்கோணும். எங்களைப் போல.”

சுமதி என் அப்பாவின் தங்கையின் மகள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். அதற்கு முதல் வாரம்தான் கிளினிக்கில், கணவனும் மனைவியும் இரத்த உறவா என்று தாதி கேட்டிருந்தாள். சுமதிக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. இந்த ஊரில் அதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததால், இல்லை என்றேன். தாதி ஒரு சின்னக் கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

ஆவணியில் பதினாலு முட்டை பொரித்தது. எனக்குக் கவலையே இல்லை. மச்சாளிடம் சிவப்பு எங்கே இருக்கப் போகிறது, எல்லாம் சாதாரணமாகத்தான் வரும், டக் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார் என்று நினைத்திருந்தேன். மூடியைத் திறந்தேன். ஈரப்பாசிக்குள் மூன்று குஞ்சுகள் செக்கச்செவேலென்று கிடந்தன, கண்ணும் சிவப்பு. டக் ஒற்றைக் காலில் நின்று என் முதுகில் அறைந்தார். அப்படியானால் பதினொன்றும் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். முறை, முறையில்லை என்று நாங்கள் போட்ட கோடு இரத்தத்துக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டித் தொழிற்சாலையில் மடிப்புப் பிழைத்தது. பஸ்ஸில் இறங்குமிடம் தவறியது. ஒருநாள் சுமதி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

“என்னப்பா, உங்கட சின்ன மாமியை நினைக்கிறியளோ?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“நானும் அதைத்தான் நினைக்கிறன். நீங்கள் அந்தச் சிவப்புக் குட்டியளைப் பற்றிச் சொன்ன நாளிலயிருந்து.”

சின்ன மாமி என் அப்பாவுக்கும் சுமதியின் அம்மாவுக்கும் தங்கை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சுமில்லை. சின்ன வயதில் நான் அவவின் பின்னால் போய்க் கைதட்டி விளையாடுவேன். அவ திரும்பமாட்டா. அதை ஒரு பகிடியாகச் செய்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பேஸ்மென்றுக்குப் போய் டக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சோடி மாறியதற்கல்ல. “அட்டை பொய் சொல்லக் கூடாது” என்றார். “இந்தக் குஞ்சுகளை வாங்குகிறவன் அட்டையை நம்பித்தானே வாங்குவான்?” பிறகு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். அண்ணன் தங்கை என்றேன். பாம்புக்கு ஏது தங்கை, கசினென்றால் மட்டும் பரவாயில்லையா என்றார். தங்கை முறையையும் மச்சாள் முறையையும் ஒரே கசினுக்குள் அடைத்து வைத்திருக்கும் மனிதருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? கடைசியில், என் மனைவியும் எனக்கு அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். டக் மேலே கூரையைப் பார்த்தார். அங்கே சுமதி நடக்கும் சத்தம் கேட்டது. அவர் புதிய அட்டை ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டினார். பதினொன்றின் பெயருக்கு, சாய்கோட்டுக்கு வலப்புறத்தில், சிவப்பு என்று என் கையாலேயே எழுதினேன்.

அடுத்த கிழமை கிளினிக்கிலும் அந்தப் புள்ளடியை மாற்றினோம். டொக்டர் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. சின்ன மாமியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறந்த பிறகுதான் பார்க்கலாம் என்றார். பொறுத்திருந்தோம்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். இரண்டாம் நாள், ஆஸ்பத்திரி நடையில் யாரோ உலோகத் தட்டொன்றைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு வீரிட்டாள். நாங்கள் தேற்றவேயில்லை. அவள் அழ அழ இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சுமதியும் அழுதாள்.

அந்த ஐப்பசியில்தான் ஊரில் ஷெல் குண்டு விழுந்தது. அப்பாவின் கடிதம் கொழும்பு வழியாக, மார்கழியில் கைக்கு வந்தது. எல்லாரும் சுகம், பேத்தியைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தார். கீழே இன்னும் இரண்டு வரி. “சின்னத் தங்கச்சிக்கு ஷெல் கூவிறது கேளாது. அவளின்ர கையில ஒரு கயித்தைக் கட்டி, மற்ற நுனியை என்ர கையில கட்டிக்கொண்டுதான் படுக்கிறன். சத்தம் வந்தால் இழுப்பன், ரெண்டு பேரும் பங்கருக்கு ஓடுவம்.”

ரெக்ஸ்டேலில் கதவு அடித்துச் சாத்தும் சத்தத்துக்கும் என் மகள் திடுக்கிடுவாள். ஒவ்வொரு தடவையும் முதலில், அப்பாடா, கேட்கிறது என்று மனம் குளிரும். அடுத்த கணமே என் மணிக்கட்டைப் பார்ப்பேன். அங்கே ஒரு கயிறும் இருக்காது. ஆனால் இழுபடும்.